நரியும் பரியும் செவலையும்

நரியைப் பரியாக்கிய கதையை நம்மில் அறியாதார் இலர். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கி வரக் கொடுத்தனுப்பிய பொன்னையெல்லாம் வாதவூரர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டுவிட்டார். இறைவன் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. பக்தியின் சுவையை ஒருபுறம் வைத்துவிட்டு நோக்கினால், இக்கதையில் ஒரு செய்தி ஒளிந்திருப்பது புலப்படும். குதிரை பாண்டி நாட்டிற்குக் கடற்கரையில் வந்து இறங்கிய பண்டம். பொக்கிஷத்தைக் கரைத்த பண்டம்.

சோழர் துறைமுகத்தில் கடல்வழியே வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோவும், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் அரபு, பாரசீகக் கடற்கரைகளிலிருந்து இங்கு வந்ததையும், அவற்றுள் பெரும்பகுதி சரியான பராமரிப்பின்றி மடிந்ததையும் எழுதியிருக்கிறார். உயர்ந்த ஆண் குதிரையையும் உயர்ந்த பெட்டையையும் சேர்த்தாலும் இந்நாட்டில் பிறப்பது கால் கோணிய சின்னக் குட்டிதான், அது ஏறிச் செல்ல உதவாது என்பதும் அவர் தரும் செய்தி.

இந்த வரலாற்றை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அந்தப் பாண்டி நாட்டை ஒட்டிய பழனி மலையில் பிறந்த நான், கடந்த இரண்டு ஆண்டுகளாக ஓர் உயர்குதிரைப் பண்ணையை நடத்தி வருகிறேன். நண்பர்கள் வியக்க வேண்டா. அந்தப் பண்ணை முழுவதும் என் கைப்பேசிக்குள் அடங்கியிருக்கிறது!

இணையத்தில் பல நாட்டினரும் சேர்ந்து ஆடும் விளையாட்டு அது. குதிரைகளை வாங்கலாம், பயிற்றலாம், இணை சேர்க்கலாம். ஒவ்வொரு குதிரைக்கும் வேகம், தாங்கும் திறன், நிறம் முதலியவற்றிற்கு மதிப்பெண்கள் உண்டு. பாட்டன், முப்பாட்டன் என்று பல தலைமுறைகளுக்கு வம்ச வரிசையும் உண்டு. உண்மையில் ஒரு பெட்டைக் குதிரை ஏறத்தாழ 11 மாதம் சினை சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். என் பண்ணையிலோ இரவு இணை சேர்த்தால் சில நாளில் குட்டி நிற்கும். மூடுபனி இறங்கி அலைக்கற்றை அறுந்துபோகும் இரவுகளில் மட்டும் பண்ணைக்கு விடுமுறை.

விலங்கியல் மாணவனாகிய எனக்கு அந்த விளையாட்டு ஒரு பாடப்புத்தகமாகவே அமைந்தது எனலாம். பொன்னிறக் குதிரைகளை மட்டுமே கொண்ட ஓர் இனத்தை உருவாக்கிவிட வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டேன். இரண்டு பொன்னிறக் குதிரைகளைச் சேர்த்தபோதோ சிவப்புக் குட்டியும் பிறந்தது, வெளிறிய பாலேட்டு நிறக் குட்டியும் பிறந்தது. செந்நிறக் குதிரைக்கு நிறத்தை வெளுக்கச் செய்யும் மரபணு ஒன்று மட்டும் வாய்த்தால் அது பொன்னிறம். இரண்டும் வாய்த்தால் பாலேட்டு நிறம். ஆகவே பொன்னிறப் பெற்றோர்க்குச் சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று சிவப்பு, இரண்டு பொன், ஒன்று பாலேடு. 1866-இல் மெண்டல் தம் பட்டாணிச் செடிகளைப் பற்றி வெளியிட்ட கணக்கு என் கைப்பேசிக்குள் குதிரையாய் ஓடுவதைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சியை என்னென்பேன்!

வேகத்திற்காக வளர்த்தபோது வேறொரு பாடம் கிடைத்தது. சிறந்ததைச் சிறந்ததோடே சேர்த்துச் சென்றால், நாளடைவில் எல்லாமே ஒன்றுக்கொன்று உறவாகிவிடும். அண்ணனையும் தங்கையையும் சேர்த்தால், குட்டியின் எந்த ஒரு மரபணு இணையும் ஒரே மூதாதையிடமிருந்து இரு வழியாக வந்த ஒரே படியாக இருக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பிறப்பதில் 12.5, மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் பிறப்பதில் 6.25. இந்த அளவையை 1922-இல் வகுத்தவர் சூவல் ரைட் என்ற அமெரிக்க அறிஞர். உலகப் புகழ்பெற்ற தரோபிரெட் பந்தயக் குதிரைகளின் தந்தைவழி முழுவதும் மூன்றே மூன்று ஆண் குதிரைகளில் சென்று முடிகிறது. இங்கிலாந்தில் 1791-இல் தொடங்கிய வம்சப் பதிவேடு இருப்பதால்தான் இதை இன்றும் சொல்ல முடிகிறது.

இவ்வளவும் கற்ற பிறகுதான் எங்கள் வீட்டுக் கொட்டிலை நான் புதிய கண்ணோடு பார்த்தேன்.

1845-இல் அமெரிக்க மிஷனரிமார் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது, பெரியகுளம் பக்கத்துச் செங்குத்துப் பாதையில் மனிதர் டோலியிலும் மட்டக்குதிரையிலும் ஏறினர். 1863-இல் கலெக்டர் லெவிஞ்ச் ஏரியை அமைத்த பிறகும் நெடுங்காலம் நிலைமை அதுவே. வண்டிப் பாதை எட்டாத சிற்றூர்களுக்கு அரிசியும் உப்பும் ஏறியது குதிரை முதுகில். காப்பியும் மலைவாழையும் இறங்கியதும் அதே முதுகில். என் தாத்தா பொதிக்குதிரைக்காரர். பாதைகள் வந்தன, லாரிகள் வந்தன. என் தந்தையார் குதிரைகளை ஏரிக்கரைக்குக் கொண்டு வந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றத் தொடங்கினார். தாத்தாவின் கருப்பி ஈன்ற குட்டிதான் எங்கள் செவலை. அவளுக்கு இப்போது வயது 14. குழந்தை அழுதால் தானே நின்றுவிடுவாள். மழையில் ஊறிய சரிவில் கால் வைக்குமுன் மண்ணை முகர்ந்து பார்ப்பாள். தாத்தாவின் வழியில் எஞ்சியிருப்பவள் அவள் ஒருத்தியே. இன்னும் சில ஆண்டுகள் சென்றால் சினை நிற்பது அரிது.

"செவலையை ஒரு தடவை சேர்த்து விடலாம்ப்பா" என்றேன் தந்தையாரிடம். அவர் உடனே மறுக்கவில்லை. விரலை மடித்துக் கணக்குப் போட்டார்.

"ஆடியில சேத்தா ஆனியில குட்டி. சித்திரை சீசன்ல வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கும், யாரை ஏத்துறது? கார்த்திகையில சேத்தா ஐப்பசியில குட்டி. அடைமழையில அது நிக்குமா? சித்திரை வைகாசி ரெண்டு மாசம் சம்பாதிக்கிறதுலதான் வருசம் பூரா ஓடுது தம்பி. உன் படிப்பும் அதுலதான்."

என் கைப்பேசிப் பண்ணையில் ஐப்பசி மழை பெய்வதில்லை. அங்கே சீசனும் இல்லை, கல்லூரிக் கட்டணமும் இல்லை. ஆயினும் எனக்கு ஒரு செய்தி கைகொடுத்தது. குளிர் நாடுகளில் பெட்டைக் குதிரைகள் பகற்பொழுது நீளும் காலத்தில்தான் பருவத்திற்கு வரும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பகலின் ஏற்றத்தாழ்வு குறைவதால், ஆண்டின் பல மாதங்களிலும் பருவத்திற்கு வருவது உண்டு. கோடைக்கானலோ வடக்கே 10 பாகை அளவில் இருக்கிறது. ஆகவே தை மாதத்தில் சேர்க்கலாம் என்றேன். அந்தச் சித்திரையில் மூன்று மாதச் சினை. சிறுவர்களை ஏற்றுவதில் தடையில்லை. மார்கழியில் குட்டி. உறைபனிக்குக் கொட்டிலை அடைத்துக்கொள்ளலாம். அடுத்த சித்திரையில் குட்டிக்கு நான்கு மாதம். தாய்க்கு அரை நாள் வேலை. இழப்பு முழு சீசன் அன்று, அரை சீசனே. தந்தையார் நெடுநேரம் யோசித்து, "அரை சீசன்னா தாங்கலாம்" என்றார்.

அடுத்து ஆண் குதிரை தேட வேண்டும். ஏரிக்கரையில் ஆண் குதிரைகள் பெரும்பாலும் காயடிக்கப்பட்டவை. பக்கத்து ஊரில் நல்ல பொலிகுதிரை ஒன்று இருந்தது. விளையாட்டு தந்த பழக்கத்தால், "இதன் தாய் எது?" என்று கேட்டேன். கேள்வியே எல்லோருக்கும் புதுமையாக இருந்தது. என் தாத்தாவோடு பொதி ஓட்டிய ஒரு பெரியவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இதோட ஆத்தாளும் உங்க கருப்பியும் ஒரு வயித்துப் பிள்ளைகப்பா."

தந்தையார் சிரித்துவிட்டார். "அப்ப செவலைக்கு இவன் அண்ணன் முறையில்ல ஆகுது! வேண்டாம்டா."

அக்காள் தங்கை பிள்ளைகள் என்பதால் நம் முறைப்படி உடன்பிறப்பு. அறிவியற் கணக்கில் மாமன் மகளும் ஒன்றுதான், சித்தி மகளும் ஒன்றுதான், இரண்டும் 6.25-க்கு மேல் போகா. ஆனால் கருப்பிக்கு மேலே யார் என்பது யாருக்கும் தெரியாதபோது, அறிந்த எண்ணுக்குப் பின்னால் அறியாத எண் எத்தனையோ? முறையும் கணக்கும் ஒரே முடிவைச் சொல்ல, கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கமிருந்து வேறொரு குதிரையைப் பார்த்துச் சென்ற தை மாதத்தில் சேர்த்தோம். செவலை இப்போது சினை.

இதிலிருந்து நான் உணர்ந்தது ஒன்று உண்டு. என் கைப்பேசியில் 200-க்கும் மேற்பட்ட குட்டிகள் பிறந்தன. மதிப்பெண் குறைந்தவற்றை விரல் நுனியால் தள்ளிவிட்டேன். நான் தேடியது வேகம் ஒன்றையே. எங்கள் மலையில் பல தலைமுறையாகக் குதிரைகளைத் தேர்ந்தெடுத்ததோ சரிவும் பனியும் பொதியும். அந்தத் தேர்வு வேகத்தைக் கேட்கவில்லை; தடுமாறாத காலையும் பதறாத மனத்தையும் கேட்டது. சமவெளியில் போர்க்குதிரை தேடிய மன்னனுக்குச் சிறிய உருவம் ஒரு குறை. ஒற்றையடிப் பாதையில் அதுவே நிறை. இந்தத் தேர்வின் பலனை நாம் எங்கும் எழுதி வைக்கவில்லை. அது ஒரு பெரியவரின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவருக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறேன். குதிரையின் பெயர், தாய், தந்தை, பிறந்த மாதம், ஊர் என்று கட்டம் போட்டு, விளையாட்டில் இல்லாத ஒரு கட்டத்தையும் சேர்த்திருக்கிறேன்: குணம். பெரியவரின் வாயிலாக இதுவரை 23 குதிரைகள் ஏறியிருக்கின்றன. மேல்மலையிலிருந்தும் கீழ்மலையிலிருந்தும் நம் கல்லூரிக்கு வரும் நண்பர்கள் பலர். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குதிரை இருந்தால், அதன் தாய் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு வரி எழுதித் தாருங்கள். நம் விலங்கியல் துறை ஆசிரியர்கள் அந்த நோட்டைத் துறை நூலகத்தில் வைக்க இசைந்துள்ளனர். மார்கழியில் செவலையின் குட்டி பிறந்ததும் 24-ஆம் வரியை நானே நிரப்புவேன்.