ஒரு சுத்து

மகள் போர்ட்டிகோவில் பாயை விரித்து மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவில் நாலு விரல் போகிறதாம். "ஸ்போர்ட்ஸ் காருக்கு இது அசிங்கம்பா. ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டிடலாம்" என்றாள். வெட்டினதை ஒட்டவைக்க முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது.

வண்டி சான் ஸ்டார்ம். தொண்ணூறுகளின் கடைசியில் நம் நாட்டிலேயே செய்து விற்றது. இரண்டே சீட், ஃபைபர் உடம்பு, 1149 சி.சி. ரெனோ இன்ஜின், 60 குதிரைத்திறன். அறுபதை வைத்துக்கொண்டு ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்தான். ஆனால் மேல்கூரையைத் திறந்துவிட்டு எங்கள் பேட்டையின் ராஜமன்னார் சாலையில் நாற்பதில் போனாலே நூறில் போகிற மாதிரி இருக்கும். சிவன் பார்க் வாசலில் நிறுத்தினால் நடைப்பயிற்சிக்காரர்கள் வந்து, "இது எந்த ஊர் வண்டி சார்?" என்பார்கள். இந்த ஊர்தான் என்றால் முகம் சுருங்கிவிடும்.

வண்டியை இறக்குகிற ஆசை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. சித்தப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருந்தது. வண்டலூர்ப் பக்கம் பெருங்களத்தூர் ஃபாக்டரியில் 1961இலிருந்து வந்துகொண்டிருந்த வண்டி. பானெட்டை முதலை வாய் மாதிரி மொத்தமாக முன்னால் சாய்த்துவிடலாம். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்ப்பார். அதன் விசேஷம் பின்பக்கத்தில். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங் கட்டு. பாட்டி, அத்தை, வெற்றிலைப் பெட்டி எல்லாம் பின்சீட்டில் ஏறியதும் வண்டி உட்கார்ந்து, சக்கரம் இரண்டும் அடியில் அகண்டுகொள்ளும், புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டி காலைப் பரப்பி நிற்குமே, அதேபோல. எல்லோரும் இறங்கியதும் நிமிர்ந்துவிடும்.

அவர் என்னைச் சோழவரத்துக்குக் கூட்டிப்போனது எழுபதுகளின் ஆரம்பத்தில். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் ரேஸ் நடத்தியது. எனக்கு நினைவில் நிற்பது வெயில், காதடைப்பு, சித்தப்பா வாங்கித் தந்த கோல்டு ஸ்பாட். அவருக்கு நினைவில் நின்றது வேறு. ரேஸ் ஹெரால்டுகள் தரையோடு தரையாக நின்றன. திரும்பி வந்த வாரமே நம் வண்டியின் பட்டையைக் கழற்றிக் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோனார்.

ரேஸ்காரர்கள் அழகுக்காக இறக்கவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அந்த ஆக்ஸில் அமைப்பில் வளைவை வேகமாக எடுத்தால் பின்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு, வெளிச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். பட்டையைத் தட்டையாக்கினால் அந்த ஆபத்து குறைகிறது. இதே அமைப்போடு 1962இல் வந்த ஹெரால்டின் தம்பி, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்கிற அசல் ஸ்போர்ட்ஸ் கார். அதற்கே 1970இல்தான் ஸ்பிரிங்கை மாற்றிக் குறையைச் சரிசெய்தார்கள். நம் ஊரில் 1972இல் கெஸல் என்று புதுப்பெயர் வைத்து, அந்தக் குறுக்குப் பட்டையையே எடுத்துவிட்டுச் சாதா ஆக்ஸில் போட்டார்கள். அந்த அமைப்பைப் பிடிக்காத மெக்கானிக்குகள் ஜெயித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

சித்தப்பாவின் ஹெரால்ட் வளைவில் நன்றாகத்தான் போனது. ரயில்வே கேட்டில்தான் போகவில்லை. சைலன்சர் தண்டவாளத்தில் தட்டிக் கழன்றது. பாட்டி கையில் வெற்றிலைப் பெட்டியோடு கேட்டோரம் நின்ற அரை மணி நேரத்தைச் சித்தப்பா சாகும்வரை வீட்டில் யாரும் அவரை மறக்கவிடவில்லை.

ஸ்டார்முக்கோ ரயில்வே கேட் வேண்டாம், எங்கள் வாசலே போதும். இந்த வீட்டை அப்பா கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே வருவோம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொன்று. இப்போது ஒரு படி இறங்கி வருகிறோம். 2015 டிசம்பரில் தண்ணீர் எங்களைக் கேட்காமல் கூடம் வரை வந்தது அந்த வழியில்தான். ஸ்டார்முக்கு ஃபைபர் உடம்பு என்பதால் துரு இல்லை. சீட்டு மட்டும் பொங்கல் வரை காய்ந்தது. இப்போது வண்டியைத் தெருவுக்கு எடுப்பது கிணற்றிலிருந்து வாளி இழுக்கிற மாதிரி. சரிவின் உச்சியில் மூக்கு லேசாக உரசும். ஒரு சுத்து போனால் உரசாது, இடிக்கும்.

தெரு முனையில் வேகத்தடை வேறு. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் கணக்குப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். உயரம் 16. அகலம் ஒரு எருமை படுத்திருக்கிற அளவு. 2024இல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 ஓட்டுவதற்காக மூன்றரை கிலோமீட்டரைக் கண்ணாடி மாதிரி இழைத்தார்கள். அங்கே குடியிருந்தால் நானும் வெட்டியிருப்பேன்.

சட்டத்தையும் மகளுக்குச் சொன்னேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிஎன் 09 ஆர்டிஓ ஆபீஸ் நம் பேட்டையிலேயே இருக்கிறது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியை மறுபதிவுக்கு அங்கேதான் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். "அதெல்லாம் ஸ்பிரிங்கைப் பார்க்க மாட்டாங்கப்பா" என்றாள். இருக்கலாம்.

கடைசியில் மெக்கானிக் பாயிடம் போனோம். என் வண்டிகளை இருபது வருஷமாகப் பார்க்கிறவர். வெட்டச் சொன்னதும் மறுக்கவில்லை. "வெட்டலாம் சார். ஆறு சுத்துல ஒண்ணு போனா மிச்சம் அஞ்சும் விறைச்சுக்கும். விறைப்பு அஞ்சுல ஒரு பங்கு கூடும். பார்க்க சூப்பரா இருக்கும், பாப்பா. உக்காரத்தான் முடியாது" என்றார். பிறகு நாலு பக்கமும் டேப் வைத்து அளந்தார். திரும்ப அளந்தார். வலது பக்கம் ஒரு விரல் தாழ்வு.

"நீங்க எப்பவும் தனியாத்தானே ஓட்டுவீங்க?" என்றார்.

இத்தனை வருஷம் டிரைவர் சீட்டில் மட்டும் பாரம். பக்கத்து சீட்டில் பெரும்பாலும் என் மதிய சாப்பாட்டுப் பை. ஸ்பிரிங் அந்தப் பக்கமாகத் தளர்ந்து, வண்டி தானாகவே இறங்கிவிட்டிருக்கிறது. நாலு விரல் இடைவெளி என்று மகள் பார்த்தது இடது பக்கத்தை.

வலது ஸ்பிரிங்கின் சுத்துகளுக்கு நடுவில் ரப்பர் வைத்து ஏற்றிக் கொடுத்தார். இப்போது நாலும் சமம். சனிக்கிழமைகளில் அவள் ஓட்டுகிறாள், நான் இடது பக்கம் உட்காருகிறேன்.

எங்கள் தெரு முனை வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு கிடையாது. இரவில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் பார்த்து வாருங்கள்.