புளியங்குடிக்குப் போன் வாங்கப் போனால்...

எலுமிச்சம்பழம் வாங்க ஒரு ஊருக்குப் பிரயாணம் போவது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. வியாபாரிகள் லாரியோடு புளியங்குடிக்குப் போகிறார்கள். ஆனால் நான் இப்போது உங்களை அங்கே அழைத்துப் போவது பழம் வாங்க அல்ல; ஒரு ஸ்மார்ட் போன் வாங்க!

"ஏன் ஐயா, போன் வாங்க மதுரை இல்லையா, திருநெல்வேலி இல்லையா?" என்று நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். போன் எங்கும் கிடைக்கும். அதற்குப் பணம் கட்டுவதில் இருக்கிற சூட்சுமம் புளியங்குடியில் தெரிகிற மாதிரி வேறு இடத்தில் தெரியாது. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

சங்கரன்கோவிலில் ரயிலை விட்டு இறங்குங்கள். பாதி சிவனும் பாதி திருமாலுமாக நிற்கும் சங்கரநாராயணரைத் தரிசிக்காமல் புறப்படலாகாது. புற்று மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, மேற்கே போகிற பஸ்ஸில் ஏறிவிடுங்கள். அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணிப் பிரயாணம். ஆரம்பத்தில் நீலக் கோடாகத் தெரிகிற மேற்குத் தொடர்ச்சி மலை, போகப் போக வளர்ந்து, கடைசியில் வீட்டுக் கொல்லைச் சுவர்போல எதிரே வந்து நிற்கும். அந்த மலையடிவாரத்தில்தான் புளியங்குடி. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலை ஊரின் ஊடே ஓடுகிறது. வடக்கே போனால் ராஜபாளையம். தெற்கே போனால் தென்காசி. முன்பு திருநெல்வேலி ஜில்லாவாக இருந்தது, 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம்.

பெயரில் இருப்பது புளி; புகழ் தந்தது எலுமிச்சை. ஆக, எப்படிப் பார்த்தாலும் புளிப்பான ஊர்தான்! சுற்று வட்டாரத் தோட்டங்களின் பழமெல்லாம் இங்கே வந்து குவிகிறது. மூட்டை மூட்டையாகச் செங்கோட்டை வழியே மலை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது. 2025-ல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

மண்டிப் பக்கம் சற்று நின்று பாருங்கள். பழத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்க்கிறார் ஒருவர். தோல் மெல்லிசா, தடிப்பா, சாறு எவ்வளவு இருக்கும் என்று தொட்டே சொல்லிவிடுவார். அவருடைய இன்னொரு கையில் போன். இன்றைய விலை என்ன என்று வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது. பழத்துக்கான பணம் யூ.பி.ஐ.யில் வருகிறது. தராசைப் போல அதுவும் ஒரு தொழில் கருவி ஆகிவிட்டது. ஆகவே, "எதற்கு இந்த ஆடம்பரம்?" என்று யாரும் அவரைக் கேட்க முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, "எப்படி வாங்கினீர்கள்?" என்பதுதான்.

இனிக் கடைக்குள் நுழைவோம். குளிர்ந்த காற்று, கண்ணாடி அலமாரி, வாசலில் "முன்பணம் இல்லை! வட்டி இல்லை!" என்று பெரிய எழுத்து.

"வாங்க அண்ணாச்சி, உட்காருங்க! எந்த மாடல் பிடிச்சிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. பணத்தைப் பத்திக் கவலையே வேண்டாம். ஆதார், பான் கார்டு, பாங்க் கணக்கு, இவ்வளவுதான். கால் மணி நேரத்திலே போன் உங்க கையிலே!"

கேட்கக் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் உட்காருவதற்கு முன்னால், இந்த ஏற்பாட்டின் பூர்வ கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

மேல்நாடுகளில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்தது. போனைத் தனியாக விற்க மாட்டார்கள். "இரண்டு வருஷம் எங்கள் கம்பெனியிலேயே இருக்கிறேன்" என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், போன் சொற்ப விலைக்குக் கிடைக்கும். 2008 ஜூலையில் ஐபோன் 3ஜி அமெரிக்காவில் இப்படித்தான் வந்தது. விலை 199 டாலர். அன்றைய மதிப்பில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு. அதே போன் அந்த ஆகஸ்டு 22-ஆம் தேதி இந்தியாவுக்கு வந்தபோது விலை 31,000 ரூபாய்! நம்மவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். ரகசியம் ஒன்றுமில்லை. இங்கே ஒப்பந்தம் இல்லை; ஆகையால் முழு விலை முன்னாலேயே தெரிந்தது. அங்கே மீதி விலை இருபத்து நாலு மாத பில்லுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

நம் நாட்டில் ஒப்பந்தத்தை யாரும் முயன்று பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். 2003-ல் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் "மான்சூன் ஹங்காமா" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 501 ரூபாய் கொடுத்தால் போன் கையில். பாக்கி மாதத் தவணை. ஜனங்கள் அலைமோதினார்கள். அந்தப் போனில் வேறு கம்பெனியின் சிம் போட வழியில்லை. நாளடைவில் எத்தனையோ பேர் பில் கட்டாமல் விட்டார்கள். கம்பெனியின் தலையில் வாராக் கடன் ஏறியது. வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை, விற்றவருக்கும் நிம்மதி இல்லை.

பதினெட்டு வருஷம் கழித்து, 2021 தீபாவளிக்கு, ஜியோபோன் நெக்ஸ்ட் வந்தது. ரொக்க விலை 6,499. தவணையில் என்றால் முதலில் 1,999. அதோடு நடைமுறைக் கட்டணம், பழைய ஞாபகமோ என்னவோ, அதே 501! பிறகு ஒரு திட்டத்தில் மாதம் 300 வீதம் 24 மாதம். கூட்டிப் பாருங்கள்: 9,700 ரூபாய். பேச்சும் டேட்டாவும் அதில் அடக்கம் என்பது உண்மை. ஆனால் அதில் போனுக்கு எவ்வளவு, பேச்சுக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும்.

இப்போது நம் ஊர்களில் பெரும்பாலோர் பிரீபெய்டு சிம்தான் வைத்திருக்கிறார்கள். 2011 ஜனவரியிலிருந்து நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். போன் கம்பெனியின் ஒப்பந்தம் நம்மைப் பெரிதாகக் கட்டவில்லை. அந்த நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்துகொண்டார். அவர்தான் நிதி நிறுவனம்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். போனின் விலை 15,000. பத்து மாதத் தவணை, மாதம் 1,500. வட்டி இல்லை! ஆனால் நடைமுறைக் கட்டணம் 500. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 90. ஆக 15,590. அதே கடையில் நீங்கள் ரொக்கத்தை நீட்டி, "அண்ணாச்சி, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்றால் 750 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 14,250. வித்தியாசம் 1,340 ரூபாய். மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் கணக்கில் சேர்த்தால், நூற்றுக்கு மாதம் ஒன்றே முக்கால் ரூபாய் வட்டி விழுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 21 சதவீதம். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், "ஒன்றே முக்கால் வட்டி." அதற்குத்தான் வாசலில் "வட்டி இல்லை" என்று போர்டு!

ரிசர்வ் வங்கி இதை 2013-லேயே சொல்லிவிட்டது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது; அது வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று வங்கிகளுக்கு எச்சரிக்கை விடுத்தது.

சரி, இந்த 1,340 ரூபாய் பெரிய விஷயமா? மாதச் சம்பளக்காரருக்கு அல்ல. முதல் தேதி சம்பளம் வருகிறது, ஐந்தாம் தேதி தவணை போகிறது. தொந்தரவு இல்லை. இப்போதுதான் நாம் புளியங்குடிக்கு வந்த காரணம் விளங்கப் போகிறது.

இந்த ஊரில் பணம் முதல் தேதி வருவதில்லை. எலுமிச்சைக்காரருக்குக் கோடையில் வரும். வெயில் ஏற ஏற விலையும் ஏறும். 2022 கோடையில் இந்தியா முழுவதும் எலுமிச்சை விலை ஏறிய வேகத்தில், கடைகளில் கிலோ இருநூறு ரூபாயைத் தாண்டிய இடங்கள் உண்டு. மழைக்காலம் வந்தால் அதே பழத்தைக் கேட்பாரில்லை; பறிகூலிக்குக் கட்டுமா என்று யோசித்து மரத்திலேயே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. மூட்டை தூக்குகிறவருக்கு அன்றாடம் கூலி. இந்தப் பக்கத்தில் பீடி சுற்றுகிற பெண்களுக்கு வாரக் கூலி. ஆனால் தவணைக்கு வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது. அது மாதம் தவறாமல் பாங்க் கணக்கின் கதவைத் தட்டும். உள்ளே பணம் இல்லாவிட்டால் வங்கி ஒரு அபராதம் போடும். கடன் கொடுத்தவர் இன்னொன்று போடுவார். அதோடு போகாது. தவணை தவறிய விவரம் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் ஏறும். நாளைக்குக் கிணற்றுக்கு மோட்டார் வைக்கவோ, மகளின் படிப்புக்கோ வங்கியில் கடன் கேட்டுப் போகிறபோது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அந்த ஏட்டைத்தான் முதலில் புரட்டுவார். பதினைந்தாயிரம் ரூபாய்ப் போன், லட்ச ரூபாய்க் கடனுக்குக் குறுக்கே வந்து நிற்கும்!

அதனால் தவணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கருவி இல்லாமல் தொழில் நிற்கிறது என்றால் கடன் வாங்கத்தான் வேண்டும். ஆனால் உங்களுக்கு ஒரு உரிமை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல், இப்படிப்பட்ட புதிய கடன்களுக்கு "முக்கிய விவரத் தாள்" ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் விழுகிறது என்று அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற பாஷையில் இருக்க வேண்டும். "தமிழில் கொடுங்கள்" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தைப் பிறகு உங்கள் சம்மதமின்றி வசூலிக்கக் கூடாது. இன்னும் ஒன்று: ஏழு நாளோ அதற்கு மேலோ தவணை உள்ள கடன் என்றால், அந்தத் தாளில் கண்ட நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லும். அதாவது, கால் மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்கிற அவசரம் உங்களுக்கு இல்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், வீட்டுக்காரியிடமும் காலேஜில் படிக்கிற பையனிடமும் காட்டிவிட்டு வரலாம்.

கடன் வேண்டாம், பொறுக்க முடியும் என்கிறவருக்கு இன்னொரு யோசனை. தவணையை உங்களுக்கே முதலில் கட்டுங்கள். பழம் விலை போகிற நாளில் ஆயிரம், இரண்டாயிரம் என்று தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். கோடை முடிகிறபோது ரொக்கமாகப் போய் நில்லுங்கள். அப்போது "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கேட்கிற குரலுக்கே ஒரு தனிக் கம்பீரம் வந்துவிடும்.

இனி, எந்தப் போன்? விளம்பரத்தில் நடிகர் கையில் இருக்கிற போன் அல்ல. மலையடிவாரத் தோட்டத்தில் நின்றால் எந்தக் கம்பெனியின் சிக்னல் கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள். உச்சி வெயிலில் திரை கண்ணுக்குத் தெரிகிறதா என்று கடை வாசலுக்கு வந்து பாருங்கள். பாட்டரி ஒரு நாள் முழுக்கத் தாங்குமா, கம்பெனி எத்தனை வருஷத்துக்கு மென்பொருளைப் புதுப்பித்துத் தரும் என்று விசாரியுங்கள். இரண்டு வருஷத்தில் கைவிடப்படுகிற மலிவுப் போனைவிட, நாலு வருஷம் உழைக்கிற நடுத்தரப் போன் லாபம். பழைய போன் வாங்குவதாக இருந்தால், நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மறுபடி சதுரக் குறி என்று அழுத்துங்கள். பதினைந்து இலக்க எண் வரும். அரசாங்கத்தின் "சஞ்சார் சாத்தி" தளத்தில் அதைக் கொடுத்தால், அது தடை செய்யப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். வளைகுடாவிலிருந்தோ மேல்நாட்டிலிருந்தோ மச்சான் கொண்டுவந்து கொடுத்த போன் என்றால், நம் ஊர் சிம் அதில் வேலை செய்கிறதா என்று அவர் திரும்பிப் போவதற்குள் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒப்பந்தப் போன்களுக்குப் பூட்டு இருப்பது உண்டு.

ரீசார்ஜையும் மறக்க வேண்டாம். 28 நாள் திட்டம் என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு தரம் அல்ல, பதின்மூன்று தரம் பணம் கட்டுகிறீர்கள். 30 நாள் திட்டமும் இருந்தாக வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவு போட்டிருக்கிறது. வீட்டில் இருக்கிற ஆச்சிக்குப் பேசினால் மட்டும் போதும், டேட்டா எதற்கு? பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் அதே டிராய் சொல்லியிருக்கிறது. கடைக்காரர் தாமாக எடுத்துச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பொழுது சாய்கிறது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டான். சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. போன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு பை எலுமிச்சம்பழம் வாங்காமல் திரும்பாதீர்கள். அதை இன்னும் ரொக்கத்துக்குத்தான் கொடுக்கிறார்கள்!