பெரியம்மாவின் சோத்துக்கோப்பை

அந்தச் செய்தியை எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டது நான்தான். "மீன், இறால், முட்டை சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் உடம்பெல்லாம் பரவும், விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு" என்று இருந்தது. உயர்தரத்தில் பயோ படித்தவள் நான். ஆனாலும் என்ன ஆய்வு, எங்கே நடந்தது என்று தேடிப் பார்க்கவில்லை. பெரியம்மாவுக்கு அப்போது கீமோ நடந்துகொண்டிருந்தது. பயத்தில் அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாளே வீட்டில் மீன் நின்றது. பெரியம்மா கல்லடியில் வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவர். ஓரா மீன் சொதியும் இறாலும் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. கீமோவால் ஏற்கெனவே வாய் கசந்துபோய்க் கிடந்தவருக்குப் பருப்பும் கீரையும் மட்டும் கொடுத்தோம். மூன்று கிழமையில் சட்டையெல்லாம் தொளதொளத்துப் போனது. கிளினிக்கில் நிறை பார்த்த தாதி, "என்னம்மா சாப்பிடுறீங்க, இப்படிக் குறையுது?" என்று கேட்டார். பெரியம்மா என்னை ஒருக்காப் பார்த்தார். ஒண்டும் சொல்லல.

அன்றிரவுதான் அந்த ஆய்வைத் தேடி வாசித்தேன். 2018இல் நேச்சர் இதழில் வந்தது. கேம்பிரிட்ஜின் கிரெக் ஹனனும், சைமன் நொட்டும், அவர்களோடு பலரும் செய்தது. விசயம் இதுதான்: மார்பில் இருக்கிற கட்டியை விட, அதிலிருந்து கழன்று நுரையீரல், எலும்பு, ஈரல் என்று போய்க் குடியேறும் கலங்கள்தான் பெரும்பாலும் ஆளைக் கொல்கின்றன. அப்படிக் கழன்று நகர்வதற்குக் கலம் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் உதவுகிறது. அதைக் கலத்துக்குள்ளேயே செய்து கொடுக்கும் நொதியம் அஸ்பராஜின் சின்தெடேஸ். எலிகளில் அந்த நொதியத்தைக் குறைத்தபோது முதற்கட்டி பெரிதாக மாறவில்லை, ஆனால் பரவுவது குறைந்தது. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற எல்-அஸ்பராஜினேஸ் மருந்தாலும் குறைந்தது. அஸ்பராஜின் குறைந்த தீனியாலும் குறைந்தது.

நான் அனுப்பிய செய்தியில் அந்தக் கடைசி வரி மட்டும்தான் இருந்தது. எலி என்ற சொல்லே இல்லை. அஸ்பராஜின் மீனில் மட்டுமா இருக்கு? பாலில், கோழியில், உருளைக்கிழங்கில், கச்சானில் எல்லாம் இருக்கு. நாங்கள் மீனுக்குப் பதிலாகக் கொடுத்த பருப்பிலும் இருக்கு! அதைவிட, எங்கட உடம்பே அதைச் செய்துகொள்ளும். ஆய்வாளர்கள் தேடுவது அந்த நொதியத்தை மறிக்க ஒரு வழி. நாங்கள் மறித்தது ஒரு நோயாளியின் சாப்பாட்டை.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். நல்லா அவிச்ச மீன், முட்டை தாராளமாகக் குடுங்க, இந்த நேரத்தில் புரதம்தான் வேணும் என்றார். வரும் வழியில் பாலத்தடியில் இறால் வாங்கினேன். குழுவிலும் "நான் போட்டது பிழை" என்று எழுதினேன். முதல் செய்திக்குப் பதினேழு பேர் கும்பிட்ட கை போட்டிருந்தார்கள். இதற்கு இரண்டு பேர்.

சாப்பிடும்போது பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் இறாலை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நீ என்னத்துக்குப் புள்ள அழுற? கட்டி கையில தட்டுப்பட்டு எட்டு மாசம் ஒருத்தருக்கும் சொல்லாம வெச்சிருந்த நான். என்னெண்டு சொல்ற, எங்க எண்டு சொல்ற? அதுக்குள்ள என்ன நடந்திச்சோ, அதுக்கு மீன் என்ன செய்யும்?"

எட்டு மாதம். அந்த நொதியம் வேலை செய்திருந்தால் அந்த எட்டு மாதத்தில்தான் செய்திருக்கும். எங்கட வீட்டில் மீனைப் பற்றி எல்லாரும் கதைத்தோம். மார்பைப் பற்றி ஒருத்தரும் வாய் திறந்ததில்லை.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் பெண்களுக்கு நடக்கிற கிளினிக்கில் மார்பகத்தைக் காசில்லாமல் பார்ப்பார்கள். போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் மாட்டன் என்றுதான் நின்றார். பெரியம்மாதான் அதட்டி அனுப்பிவைத்தார்.