எர்ஷோ ஒரு டம்ளர்

பஹிர் தாரில் வீடு கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. எத்தியோப்பியக் கல்லூரிகளுக்கு இந்திய ஆசிரியர்கள் பல காலமாகப் போய்க்கொண்டிருப்பதால், கணவரின் பல்கலைக்கழக வேலையைச் சொன்னதுமே சாவி கைக்கு வந்துவிட்டது. குடித்தனம்தான் புதுசு. தண்ணீர் வரும்போதே டிரம்மை நிரப்பிவிட வேண்டும்; கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது; சுமார் 1,800 மீட்டர் உயரத்து ஊர் என்பதால் குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. இவையெல்லாம் போகப் போகப் பழகிவிடும். எனக்கு ஆசை வேறொன்றில்: முற்றத்தின் மறுபக்கம் வீட்டுக்காரம்மா சுடும் இன்ஜெரா என்ற புளித்த அப்பம். கற்றுத் தரக் கேட்டேன்.

“காலையில் ஒரு மணிக்கு வா” என்றார். இங்கே விடியலிலிருந்து மணி எண்ணுவார்கள். நமக்கு அது ஏழு மணி.

முதலில் தெஃப் என்ற தானியத்தின் மாவு. வெள்ளை வெளேரென்ற மக்னா ரகம் விலை அதிகம், சிவப்பு மலிவு. சந்தையில் வீட்டுக்காரம்மா ஒரு சிட்டிகையை வாயில் போட்டு, மண் நெறநெறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலையே கேட்பார். மாவை வாளியில் கையால் கரைத்து, எர்ஷோ ஊற்றி மூடிவைக்க வேண்டும். முந்தைய தடவை புளித்த மாவின்மேல் தெளிந்து நின்ற மஞ்சள் நீர்தான் எர்ஷோ. இரண்டு மூன்று நாளில் மாவு புளிக்கும்.

அடுத்தது அப்சித். புளித்த மாவில் கொஞ்சம் எடுத்துக் கொதிநீரில் கூழாகக் கிண்டி, ஆறவைத்து, மறுபடி வாளியிலேயே கலப்பது. முழு வித்தையும் இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. தெஃப்பில் குளூட்டன் கிடையாது. பொங்கும் காற்றை மாவு பிடித்துவைக்க இந்தக் கூழின் கொழகொழப்பு வேண்டும். எவ்வளவு என்று கேட்டால் அம்மா விரலை மாவில் முக்கி, அது வழிகிற விதத்தைக் காட்டுவார். அவ்வளவுதான் பாடம்.

இனிச் சுடுவது. மித்தாட் என்பது அரை மீட்டருக்கு மேல் அகலமான களிமண் தட்டு. எங்கள் முற்றத்தில் இருந்தது மின்சார மித்தாட்; அதைப் போட்டால் வீட்டு விளக்கெல்லாம் மங்கும். எண்ணெய் ஊற்றுவதில்லை. கடுகு இனத்து விதைப்பொடியைத் துணியால் தேய்த்துத் துடைத்தால் போதும். தோசைக்கு நடுவில் ஊற்றி வெளியே இழுத்த கை என்னுடையது. இங்கே விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். கரண்டி படவே கூடாது. “அய்ஸோஷ், அய்ஸோஷ்” என்று தைரியம் சொல்லியபடியே என் முழங்கையைப் பிடித்துச் சுழற்றுவார். மாவின்மேல் கண்கள் பொலபொலவென்று திறந்ததும் மூடிவிட வேண்டும். ஓரம் தானாக எழும்பினால் வெந்துவிட்டது. திருப்பிப் போடும் வேலையே இல்லை. வைக்கோல் தட்டை அடியில் செருகி இழுத்தால் வந்துவிடும்.

புதன், வெள்ளி அம்மா வீட்டில் விரதம்; கறி, முட்டை, பால் கிடையாது. அன்றைக்கு எங்கள் வீட்டு சாம்பாரும் அவர் இன்ஜெராவின்மேல் ஏறும். புளிப்பு போதாது என்பார். எங்கள் புளியைச் சொல்கிறாரா, என் கையால் சுட்டதைச் சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

இப்போது என்னிடமும் ஒரு வாளி இருக்கிறது. பக்கத்துத் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் தெலுங்குக் குடும்பத்துப் பெண் எர்ஷோ கேட்டு டம்ளரோடு வருகிறாள். தாராளமாக ஊற்றிக் கொடுக்கிறேன். அப்சித் அளவு கேட்டால் மட்டும் அம்மாவிடம் அனுப்பிவிடுகிறேன்.