வால் முளைத்த இன்ஜின்

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பொதுவாக மூன்று காரணங்களுக்காகப் போவார்கள். பூநாரை பார்க்க, டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்க, இறால் வாங்க. நான் போனதும் அதற்குத்தான். ஆனால் திரும்பி வரும்போது மனசில் உட்கார்ந்திருந்தது நான்காவதாக ஒன்று. படகின் பின்பக்கம் பொருத்தியிருந்த டீசல் இன்ஜின்.

நான் படித்தது பி.காம். எங்கள் பாடத்தில் இயந்திரம் என்றால் வெறும் எண். வாங்கிய விலையைப் போட்டு, வருஷா வருஷம் தேய்மானம் கழித்து, கடைசியில் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவோம். வாங்கியவர் அதை வெட்டினாரா, ஒட்டினாரா, நீட்டினாரா என்று எழுத லெட்ஜரில் இடம் கிடையாது.

அந்த இன்ஜினுக்கு ஒரே ஒரு சிலிண்டர். வயலில் பம்ப்செட்டையும் தெருவில் மூன்று சக்கர வண்டியையும் ஓட்டுகிற அதே வகைதான். அதிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான ஓர் இரும்புத் தண்டு, பின்னால் சரிந்து தண்ணீருக்குள் போகிறது. நுனியில் புரொப்பெல்லர். இன்ஜினுக்கு வால் முளைத்த மாதிரி! ஓட்டுகிறவர் கைப்பிடியைப் பிடித்து, இன்ஜினையும் வாலையும் சேர்த்தே இடமும் வலமும் திருப்புகிறார். தனியாகச் சுக்கான் இல்லை. கியர் இல்லை. ரிவர்ஸ் இல்லவே இல்லை.

“எதுக்குண்ணே இவ்ளோ நீளம்?” என்று கேட்டேன்.

படகுக்காரருக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். பதில் சொல்லாமல் கைப்பிடியைக் கீழே அழுத்தினார். வால் தண்ணீரைவிட்டு மேலே எழும்பியது. பக்கத்தில் கிடந்த கழியை எடுத்து ஏரியில் குத்திக் காட்டினார். முழங்கால் உயரத்துக்குத்தான் நனைந்திருந்தது. அதற்குக் கீழே சேறு.

“ஏரின்னுதான் பேரு சார். பாதி எடத்துல நடந்தே பூடலாம். வாலைத் தூக்கத் தெரியாதவன் இங்க படகு ஓட்ட முடியாது.”

இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி இது. பரப்பு பெரிசு, சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். கடையில் விற்கிற அவுட்போர்டு மோட்டார் ஆழமான தண்ணீரை நினைத்துச் செய்தது. அதன் கால் நேராகக் கீழே இறங்கும், தரையில் இடிக்கும். சூடு தணிய வெளித் தண்ணீரை உறிஞ்சும். இங்கே உறிஞ்சினால் சேறும் சேர்ந்து வரும். வால் இன்ஜினோ படகுக்கு மேலே உட்கார்ந்து காற்றிலேயே ஆறிக்கொள்கிறது. சேறு வந்தால் வாலைத் தூக்கிக்கொள்கிறது. தாய்லாந்தின் கால்வாய்களில் உழவு இயந்திரத்து இன்ஜின்களும் கார் இன்ஜின்களும் இப்படி வால் மாட்டிக்கொண்டு ஓடுவது பல பத்தாண்டுப் பழக்கம்.

வயலுக்கும் தண்ணீருக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் புதிதல்ல. 1921-ல் ஜெர்மனியில் லான்ஸ் புல்டாக் என்றொரு டிராக்டர் வந்தது. இன்ஜின் தலையை ஊதுவிளக்கால் சூடேற்றினால்தான் உயிர் வரும். அந்த வரிசையில் பிறகு வந்த வண்டிகளில் ஸ்டீயரிங் சக்கரத்தையே தண்டோடு கழற்றி, இன்ஜினில் செருகிச் சுற்றி ஸ்டார்ட் செய்வார்கள். முதலில் வந்த வண்டிக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. பின்னால் போக வேண்டுமா? இன்ஜினையே எதிர்ப்பக்கம் சுழல வைக்க வேண்டும்! இதே சூட்டுத்தலை இன்ஜின்தான் அந்தக் காலத்தில் ஸ்வீடன், நார்வே மீன்பிடிப் படகுகளையும் ஓட்டியது. நம் ஊரிலும் சேற்று உழவுக்கு டிராக்டரில் இரும்புக் கேஜ் வீல் மாட்டுகிறோமே, அதுவும் சேறு சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

இன்னொரு ஒற்றுமை எரிபொருளில். 1917-ல் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய ஃபோர்ட்சன் டிராக்டரை பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் மலிவு, ஆனால் குளிர்ந்த இன்ஜினில் ஆவியாகாது. நம் கடற்கரையில் மண்ணெண்ணெய் அவுட்போர்டு வைத்திருப்பவர்கள் செய்வதும் இதுவேதான். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிவிட்டால், அடுத்த தடவை சிரமமில்லாமல் கிளம்பும்.

வயலில் டிராக்டர் நின்றால் வரப்பில் உட்கார்ந்து ஒரு பீடி பிடிக்கலாம். ஏரி கடலைச் சந்திக்கும் முகத்துவாரத்தில் இன்ஜின் நின்றால் அதற்கெல்லாம் நேரமில்லை. அங்கே மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அலை உடைகிற இடம். இன்ஜின் செத்தால் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பும், அடுத்த அலை கவிழ்த்துவிடும். “அங்க நின்னா ரெண்டாவது இழுப்புக்கு நேரம் கெடையாது சார்” என்றார் அவர். மெக்கானிக் கடையில் இதற்கெல்லாம் ‘ஆல்டரேஷன்’ என்று பெயர். அவருக்கு அது உயிர்.

1979-ல் தொடங்கி, சென்னையில் அலுவலகம் வைத்திருந்த ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டத்துக்காரர்களும் இதே பிரச்னையில்தான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கரையில் ஏற்றுகிற படகுக்கு டீசல் இன்ஜினை எப்படி வைப்பது? கடைசியில் இன்ஜினைப் பெட்டியோடு சாய்த்து, புரொப்பெல்லரை மேலே தூக்குகிற மாதிரி அமைத்தார்கள். ஆக, படித்த இன்ஜினீயருக்கும் அலை சொன்ன பதில் ஒன்றுதான்: தூக்கு!

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரைக்கு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. கூடவே இன்ஜின்களும். கட்டுமரத்தில் பாய் விரித்தவர்கள் காற்றுக்குக் காசு கொடுத்ததில்லை. இன்ஜின் வந்தபின், மீன் பட்டாலும் படாவிட்டாலும் டீசலுக்குக் காசு எடுத்து வைக்க வேண்டும். வேகமான இன்ஜின் வைத்திருப்பவன் எல்லா மீனையும் அள்ளிவிட மாட்டானா? அதற்கும் இங்கே ஒரு ஏற்பாடு உண்டு. ‘பாடு’ என்று பெயர். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் தலைமுறை வழக்கம். எத்தனை குதிரைசக்தி இருந்தாலும் அடுத்தவன் முறையை முந்த முடியாது. ஓட்டத்துக்கு வாலை நீட்டினார்கள், ஆசைக்கு முறை வைத்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே ஊர்.

ஒன்றை மட்டும் இன்னும் யாரும் சரிசெய்யவில்லை. சத்தம். கை எட்டும் தூரத்தில் அந்த இன்ஜின் மணிக்கணக்கில் அடிக்கிறது. கரைக்கு வந்து இன்ஜினை நிறுத்திய பிறகும் படகுக்காரர் கத்தித்தான் பேசினார். நான் சொன்னதை மூன்று தரம் கேட்டார். மீன் கூடையோடு வந்த அவர் மனைவி, “அவருக்கு இடது காது கேக்காதுங்க, இந்தப் பக்கம் வந்து பேசுங்க” என்று ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்.

படகுக்கு மானியம் உண்டு, இன்ஜினுக்குக் கடன் உண்டு, வலைக்கும் உண்டு. காதுக்கு? தொழிற்சாலையில் போடுகிற காதடைப்பான் சில நூறு ரூபாய்தான். அடுத்த முறை யாராவது அங்கே இன்ஜின் கொடுக்கப் போனால், டப்பாவுக்குள் அதையும் ஒன்று போட்டு அனுப்புங்கள்.