கச்சிக்கு ஒரு நாட் பிரயாணம்

பல்லவர்தம் பழந்தலைநகராகிய காஞ்சிபுரம் எம்மூராகிய பூவிருந்தவல்லியினின்றும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்த் தொலைவிலேயே உள்ளது. பெங்களூர்ப் பெருஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்லும் பேருந்தொன்றில் ஏறி அமர்ந்தால், ஸ்ரீபெரும்புதூரையும் சுங்குவார்சத்திரத்தையும் கடந்து காலைப்பொழுதிலேயே போய்ச் சேரலாம். ஆயினும், அருகில் உள்ளதை நாளைக்குப் பார்ப்போம் என்று ஒதுக்கிவைத்தல் மனித இயல்பன்றோ? யான் நம் கல்லூரியிற் சரித்திரம் பயிலத் தொடங்கி ஈராண்டு கழிந்தும் கச்சியைக் கண்டிலேன். எழுபதைக் கடந்த என் பாட்டியாரும் கண்டிலர்.

அவரை யாங்கள் ஆயா என்றே அழைப்போம். எம்மூர் வரதராசப் பெருமாள் கோயிலுக்கு அருகில் நெடுங்காலம் மல்லிகைச் சரம் தொடுத்து விற்றவர். இராமாநுசர் காலத்தவரான திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. அவர் கச்சி வரதருக்கு ஆலவட்டம் வீசித் தொண்டு புரிந்தவர். இங்கிருந்து பூக்கொண்டு நாடோறும் கச்சிக்கு நடந்து செல்வார் என்பது எம்மூரார் கூறும் பழங்கதை. இக்கதையை ஆயா வாயினின்றும் யான் கேட்ட முறைகளுக்கு அளவில்லை. நம்பிகள் நடந்த ஊரைத் தாம் பேருந்திலேனும் சென்று காணவில்லையே என்ற குறை அவருக்கு உண்டு.

2019ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி 48 நாள் அத்தி வரதரைக் குளத்தினின்றும் எழுந்தருளச் செய்திருந்த காலத்தில், யாங்கள் ஒருமுறை புறப்பட்டதுண்டு. அப்போது யான் சிறுவன். ஊர் எல்லையிலேயே வண்டிகள் நிறுத்தப்பட்டன. அதற்கப்பால் மக்கள் வெள்ளம். ஒரு மரத்தடியில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்து வீடு திரும்பினோம். அடுத்த முறை 2059ஆம் ஆண்டு என்று ஒருவர் சொன்னார். ஆயா சிரித்தார்; மறுமொழி கூறவில்லை.

நிற்க. சென்ற தைத்திங்களில் யான் தனியே கச்சிக்குச் செல்லத் திட்டமிட்டு ஒரு தாளில் ஒன்பது இடங்களைக் குறித்தேன். கயிலாசநாதர் கோயில் முதலாவது. வைகுண்டப் பெருமாள் கோயில் இரண்டாவது. ஏகாம்பரநாதர், காமாட்சி, திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில், அறிஞர் அண்ணா பிறந்த இல்லம் எனப் பட்டியல் நீண்டது. வரதராசப் பெருமாள் கோயிலை ஒன்பதாவதாக, மாலையில் நேரமிருந்தால் என்று எழுதியிருந்தேன். ஆவடியிலுள்ள நண்பர் ஒருவர், இரயிலேறி அரக்கோணம் சென்று, ஆண்டுச் செங்கற்பட்டு வண்டிக்கு மாறினால் காஞ்சியில் இறங்கலாம் என்றார். ஆனால் அப்பாதையில் வண்டிகள் சில. ஒன்றைத் தவறவிட்டால் அரக்கோணத்து மேடையே அன்று நாம் காணும் தலைநகராகிவிடும்.

முதல்முறை செல்வோர் அறியவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணியளவிற்றான் திறக்கும். ஆதலின் ஒரு நாள் என்று நாம் எண்ணுவது உண்மையில் காலை நான்கு மணி நேரமும் மாலைச் சிறுபொழுதுமே. மேலும், தலைநகர் என்றவுடன் அரண்மனையைத் தேடிச் செல்பவர் ஏமாந்து போவர். பல்லவர் அரண்மனை ஒன்றேனும் இன்று நிற்கவில்லை. அவர்தம் அரசியலைக் கோயிற் கற்களிலேதான் படிக்க வேண்டும்.

யான் கயிலாசநாதரை முதலில் வைத்ததற்குக் காரணம் இதுவே. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கற்றளி அது. சுற்றாலையில் 58 சிற்றாலயங்கள் வரிசையாக உள்ளன. அந்நூற்றாண்டிலேயே கச்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைக் கண்டும் கவராது இறைவனுக்கே அளித்ததைக் கன்னடத்தில் ஒரு தூணில் பொறித்துவைத்தான். வென்ற பகைவன் தோற்றவன் கோயிலில் எழுதிய அவ்வரிகளைக் கண்ணாற் காண்பதே என் பிரயாணத்தின் நோக்கம்.

தாளை ஆயாவிடம் படித்துக் காட்டினேன். இறுதிவரை கேட்டிருந்து, "வரதர் கடைசியிலயா கண்ணு?" என்று மட்டும் வினவினார். யான் அவரை அழைத்துச் செல்ல நினைக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சற்று வெட்கத்துடன், "நீயும் வா ஆயா, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். "சாயங்காலம் என் கால் என் பேச்சைக் கேட்காதுடா" என்றார்.

அது முற்றிலும் உண்மை. வரதர் அத்திகிரி என்னும் மேட்டின்மீது எழுந்தருளியுள்ளார். அவரைக் காண 24 படிகள் ஏறவேண்டும். கயிலாசநாதர் கோயில் ஊரின் மேற்கெல்லையில். வரதர் கோயிலோ கிழக்கே சின்னக் காஞ்சியில். புத்தகங்களைப் பார்த்து யான் வகுத்த வரிசை கால்களைக் கணக்கில் எடாத வரிசையாயிருந்தது. அன்றிரவே பட்டியலைத் திருத்தினேன்: காலையில் வரதர், நடை சாத்துமுன் வைகுண்டப் பெருமாள், பகலில் இளைப்பாறல், நான்கு மணிக்குமேல் கயிலாசநாதர். ஏனைய ஆறினையும் அடித்துவிட்டேன். அண்ணா இல்லத்தை அடிக்கையில் மட்டும் பேனா சிறிது தயங்கிற்று.

ஒரு சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டோம். ஆயா இரவே தொடுத்த மல்லிகையை வாழையிலையிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். வரதர் கோயிற் படிகளில் இருமுறை அமர்ந்தார். இரண்டாம் முறை, எழமாட்டாரோ என்று யான் அஞ்சினேன். முன்பின் அறியாத ஓர் அம்மையார் கைகொடுத்தார். சந்நிதியில் ஆயா ஒன்றும் வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இறங்கும்போது, "நம்பி தினம் நடந்தாராம். நாம பஸ்ஸுலதானே வந்தோம்" என்றார்.

வைகுண்டப் பெருமாள் கோயிற் சுற்றுச்சுவரில் பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாக அமைந்துள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதற் பெண்மணியாகிய சி. மீனாட்சி அம்மையார் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1941இல் வெளிவந்தது. பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறக்கவே, மந்திரிகளும் பிறரும் பல்லவர் கிளையொன்றைத் தேடிச் செல்ல, அங்கே தமையன்மார் மறுத்த அரசை ஏற்க முன்வந்தவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவனே இரண்டாம் நந்திவர்மன். இக்கோயிலை எடுப்பித்தவனும் அவனே. இதனைச் சொல்லி, தேய்ந்த மணற்கற் சிற்பங்களைக் காட்டினேன். ஆயா கேட்டது ஒரே வினா: "அந்தப் புள்ளையோட அம்மா கூட வந்தாளா?" எந்தப் பரீட்சையிலும் என்னை எவரும் கேளாத வினா. யான் விடையறியாது நின்றேன்.

பகலில் தயிர்ச்சோறு உண்டு ஒரு நிழலில் அமர்ந்தோம். மூன்றரை மணிக்கு ஆயாவின் முழங்கால் வீங்கியிருந்தது. "நீ போய் உன் கோயிலைப் பார்த்துட்டு வா, நான் இங்கயே குந்திக்கினு இருக்கேன்" என்று பலமுறை வற்புறுத்தினார். அறியாத ஊரில் அவரைத் தனியே விட மனம் ஒப்பவில்லை. ஆட்டோ ஒன்று பிடித்துப் பேருந்து நிலையம் சேர்ந்தோம். வண்டி ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுமுன் அவர் என் தோளில் உறங்கிவிட்டார். அவர் மடியில் வெறும் வாழையிலை இருந்தது.

திருத்திய தாள் இன்னும் என் சரித்திரக் குறிப்பேட்டினுள் இருக்கிறது. கயிலாசநாதர் பெயர் மட்டும் அதில் அடிபடாமல் நிற்கிறது. ஆவடி நண்பர், இம்முறை இரயிலில் போகலாம் என்கிறார்.