சாக்கோ பயணம் – 6: வந்தவர்களும் இருந்தவர்களும்

பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனிலிருந்து, அந்நாட்டின் மேற்குப் பகுதியான சாக்கோவுக்குள், டிரான்ஸ் சாக்கோ நெடுஞ்சாலையில் வடமேற்கே சுமார் 450 கிலோமீட்டர். வழியெல்லாம் முதலில் பனைச் சதுப்பு, பிறகு முள்காடு. சாயங்காலம் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தோம். நூல் பிடித்தாற்போல் தெருக்கள், ஜெர்மன் பெயர்ப்பலகைகள், நிறைந்து கிடக்கும் கூட்டுறவு அங்காடி. பிரதான சாலைக்குப் பெயர் ஹிண்டன்பர்க்.

ஆயுதம் ஏந்துவதில்லை என்ற நம்பிக்கைக்காக நானூறு ஆண்டுகளாக நாடு விட்டு நாடு போன மென்னோனைட் கிறிஸ்தவர்கள்தான் இந்த ஊரை அமைத்தவர்கள். அவர்களுக்கு ராணுவ சேவை வேண்டாம், பள்ளியில் ஜெர்மன் படிக்கலாம் என்று பராகுவே 1921-ல் சட்டம் போட்டது. கனடாவிலிருந்து வந்த ஒரு கூட்டம் 1927-ல் மென்னோ குடியிருப்பை அமைத்தது. 1930-ல் ஸ்டாலினின் ரஷ்யாவிலிருந்து தப்பி வந்தவர்கள் ஃபெர்ன்ஹைம் குடியிருப்பை உருவாக்கினார்கள். அதன் தலைநகர்தான் இந்தப் பிலடெல்பியா. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேர்த்துக் குடித்தார்கள். அந்த முதல் தலைமுறையின் பாடுகளைக் கேட்டால் நெஞ்சு கனக்கிறது. அவர்கள் உழைப்பை நான் மனமார மதிக்கிறேன்.

ஆனால் அவர்கள் வந்து இறங்கியது ஆளில்லாத காடு அல்ல, என்லெட் என்ற பூர்வகுடி மக்களின் பூமி. அண்டை நாடுகளுடனான 1864–70 போரில் நொறுங்கிய பராகுவே அரசு, கடனை அடைக்கப் பொது நிலத்தைக் கண்ட விலைக்கு விற்றது. கசாடோ என்ற கம்பெனி சாக்கோவில் பல லட்சம் ஹெக்டேரை வளைத்துப் போட்டது. மென்னோனைட்டுகள் காசு கொடுத்து வாங்கியது அந்தக் கம்பெனி வளைத்த நிலத்தைத்தான். தங்கள் காடு கைமாறிய சேதியை என்லெட்டுகளிடம் யாரும் சொல்லவில்லை. நீர்நிலை வற்றினால் அடுத்த நீர்நிலைக்கும், அல்கரோபோ காய்க்கும் பருவத்தில் அந்தத் தோப்புகளுக்கும் போய்வந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். அல்கரோபோ, நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளி மரம். நமக்குத் தொல்லையாகிப்போன அந்த இனத்தின் காய் இவர்களுக்கு உணவு. 1932-ல் பொலிவியாவுடன் போர் மூண்டது; கூடவே பெரியம்மையும் வந்து என்லெட்டுகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. மிஞ்சியவர்கள் மெல்ல மெல்லக் கூலிக்காகக் குடியேறிகளின் வயலோரம் ஒதுங்கினார்கள்.

இன்றும் அதேதான் நிலை. விடிகாலையில் தெருமுனையில் வேலைக்குக் காத்து நிற்பவர்களில் என்லெட், நிவாக்லே, குவாரனி, அயோரியோ என்று பல பூர்வகுடி இனத்தாரும் உண்டு. வீடு, பள்ளி, மருத்துவம் என்று மென்னோனைட்டுகள் செய்த உதவிகளை மறைக்கக்கூடாது. நிலம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஊருக்கு வெளியே ஓர் அயோரியோ மூதாட்டி பை பின்னிக்கொண்டிருந்தார். அன்னாசிபோல் முள் வைத்த கரகுவாதா இலையிலிருந்து உரித்த நார். தொடைமேல் வைத்து உள்ளங்கையால் ஒரே இழுப்பு. இரண்டு இழை ஒரு கயிறாக முறுக்கேறியது. கறுப்பும் செம்பழுப்புமாக வரிகள் ஏறின. அயோரியோக்களுக்கு ஏழு குலம். ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனிக் கோலம். யார் வீட்டுப் பை என்று பார்த்தாலே தெரிந்துவிடும். வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கை நிற்கவே இல்லை.

அயோரியோக்களில் தோதோபியெகோசோதே என்ற பிரிவினரை 1979-லும் 1986-லும் மிஷனரிகளின் ஏற்பாட்டில் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். 1986-ல் நடந்த மோதலில் ஐந்து பேர் மாண்டார்கள். 2004-ல் 17 பேர் தாங்களாகவே வெளியே வந்தார்கள். ஒதுங்க இடமில்லாமல் புல்டோசர்கள் துரத்தியிருந்தன. வெளியாரை அண்டாமல் சிலர் இன்னும் உள்ளேயே இருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் அமேசானுக்கு வெளியே அப்படி வாழ்பவர்கள் இவர்கள் மட்டும்தான். அவர்களைச் சுற்றி மாட்டுப்பண்ணைகள் நெருங்குகின்றன. பண்ணை முதலாளிகளில் மென்னோனைட்டுகளும் உண்டு, பிரேசில்காரர்களும் உண்டு.

அரசு உருவாகும் முன்பே இருந்தவர்கள் பூர்வகுடிகள் என்று பராகுவேயின் 1992 அரசியல் சாசனம் ஒப்புக்கொள்கிறது. அதை நம்பி 1993-ல் நிலம் கேட்டு மனு கொடுத்தார்கள் தோதோபியெகோசோதே மக்கள். கேட்ட நிலம் முழுவதும் இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை.

(தொடரும்)